எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க

நான் அங்கன்வாடிப் பணியாளர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருபது பிள்ளைகளை வரிசையாகப் பாயில் படுக்கவைத்து உறங்கவைப்பது என் வேலையில் பாதி. எந்தப் பிள்ளைக்கு முதுகில் தட்ட வேண்டும், எதற்குத் தலையைக் கோதிவிட வேண்டும், எதைச் சும்மா விட்டால் தானாக உறங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் என் மூத்த மகன் போன பிறகு, என் சொந்தப் பிள்ளைகள் இரண்டு பேரை உறங்கவைக்க எனக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய ஏழு மாதம் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காக உறங்கவில்லை. அப்போது நாங்கள் பட்டதும் கற்றதும் இதே நிலையில் இருக்கிற இன்னொரு வீட்டுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருநெல்வேலி மாவட்டம் சேர்மாதேவியில். மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் பெரியவனுக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கு அப்போது 11 வயது. மகளுக்கு 8. சின்னவனுக்கு நாலரை. ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று தெரிந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது. இரண்டு இட்லி சாப்பிட்டான். ஃபேனுக்கு நேரே யார் படுப்பது என்று தங்கச்சியோடு சண்டைகூடப் போட்டான். பிள்ளை தேறிவிட்டான் என்று அன்றைக்கு வீடே நிம்மதியாக உறங்கியது.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம் என்று அப்புறம்தான் எனக்குத் தெரியும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே காய்ச்சல் விடும். அப்போது சிலருக்கு ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் இறங்கிவிடும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கை கால் சில்லிட்டுப்போவது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நான் எழுத வந்தது இதைப் பற்றி இல்லைதான். ஆனாலும் மழைக்காலத்தில் பார்க்கிற தாய்மாரிடமெல்லாம் இதைச் சொல்கிறேன். இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு வயிறு வலிக்கிறது என்று எழுந்தான். தொட்டால் கை ஜில்லென்று இருந்தது. தெருமுனையில் ஆட்டோ வைத்திருக்கிற தம்பியை எழுப்பி, பாளையங்கோட்டைக்குக் கொண்டு ஓடினோம். மற்ற இரண்டு பேரும் நல்ல உறக்கம். பிள்ளைகளின் ஆச்சியை, அதாவது என் அத்தையை, அவர்கள் பக்கத்தில் விட்டுவிட்டு, பிள்ளைகள் முழித்துவிடக் கூடாதே என்று சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனோம். இரண்டு நாள் கழித்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

சத்தம் போடாமல் கதவைச் சாத்தினோம் என்று சொன்னேன் இல்லையா? பின்னால் வந்த அத்தனைக்கும் அதுதான் வேர். அது எனக்குப் புரிய நாலு மாதம் ஆனது.

துட்டி வீட்டில், சாவு விழுந்த வீட்டில், பிள்ளைகளைக் கவனிக்க ஆள் இருக்காது. துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, பாசத்தில்தான், சின்னவனைத் தூக்கிக் காட்டி, "அண்ணன் ஒறங்குதான் பாரு, சத்தம் போடாத" என்று சொல்லிவிட்டாள். அவன் இறங்கிப் போய், "அண்ணே, எந்திரி, எந்திரி" என்று எழுப்பினான். மூன்று தடவை எழுப்பினான். நாலரை வயதுப் பிள்ளைக்கு, செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது புரியாது. ஊருக்குப் போனவர் மாதிரி என்றாவது வருவார் என்றுதான் இருக்கும். அந்த வயதில் 'உறங்குகிறான்' என்று சொன்னால், உறக்கம் என்பது எழுந்திருக்கவே முடியாத ஒன்று என்று அது எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு சொல்லைத் திரும்ப எடுக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அன்றைக்கு ராத்திரியே தொடங்கியது. நான் கண்ணை மூடினால் சின்னவன் இமையைப் பிடித்துத் தூக்குவான். இருட்டில் என் மூக்குக்குக் கீழே ஒரு சின்ன உள்ளங்கை வந்து நிற்கும். மூச்சு படுகிறதா என்று பார்த்துவிட்டு, அப்பா பக்கம் ஊர்ந்து போவான். அங்கேயும் கையை வைத்துப் பார்ப்பான். அப்புறம் ஆச்சி. மூன்று பேரையும் பார்த்து முடிப்பதற்குள் முதல் ஆள் மேல் மறுபடி சந்தேகம் வந்துவிடும். திரும்ப என்னிடம் வருவான். அந்தக் கையில் பிஸ்கட் வாசம் அடிக்கும். உறங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு, அவனுக்குத் தெரியட்டும் என்று நான் மூச்சை வேண்டுமென்றே இழுத்து விட்டுக்கொண்டிருப்பேன்.

மகளிடம் சத்தமே இருக்காது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். இவளாவது உறங்குகிறாளே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். "எங்க போற?" என்றாள். குரலில் துளி உறக்கம் இல்லை. அப்புறம் கவனித்தேன், தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் விருட்டென்று உட்கார்ந்துவிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டு, மத்தியானம் ஆனால் பெஞ்சிலேயே சாய்ந்துவிடுகிறாள் என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவள் உறங்கியது ஐந்து மணி நேரம், மிஞ்சினால் ஐந்தரை. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் உறக்கம் வேண்டும். 3 முதல் 5 வயதுக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். மற்ற தாய்மாருக்கு நானே சொல்கிற கணக்கு இது.

முதல் நாலு மாதம் நான் செய்தது அத்தனையும் தப்பு. அவன் படத்தை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தேன். வீட்டில் அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்றேன். பிள்ளைகள் மறந்தால் உறங்கிவிடும் என்று நினைத்தேன். துட்டி நாட்களில் அழாமல் இருக்கட்டும் என்று யாரோ அவர்கள் கையில் கொடுத்த மொபைல், அப்படியே ராத்திரி பதினோரு மணி வரை கையிலேயே இருந்தது, நானும் விட்டுவிட்டேன். அவர்கள் படமாவது பார்க்கட்டும், நான் அடுக்களையில் போய் அழலாமே என்று இருந்தது. 'உறங்கு, உறங்கு' என்று அதட்டினேன். ஒருநாள் மகளை அடித்தும்விட்டேன். அவள் அழவில்லை. அப்படியே திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புறவாசல் படியில் அவளை இரண்டு படி கீழே உட்காரவைத்துப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். தேங்காய் எண்ணெய் தடவி, வகிடு வகிடாகப் பிரித்துச் சீப்பைப் போட்டு இழுத்துக்கொண்டிருக்கும்போது, தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் ஒறங்கிட்டேம்லா, அதான் நீங்க அண்ணனக் கூட்டிட்டுப் போனது தெரியல."

என் கை நின்றுவிட்டது. நிறுத்தினால் இவளும் நிறுத்திவிடுவாள் என்று ஏதோ சொல்லிற்று. மறுபடி சீப்பை இழுத்தேன்.

"முழிச்சிருந்தா நானும் வந்திருப்பேன். இனிமே முழிச்சிருப்பேன்."

"ம்."

"நான்தான் ஃபேனுக்குச் சண்டை போட்டு, நீ ஆஸ்பத்திரிக்கே போயிருன்னு சொன்னேன்."

எட்டு வயதுப் பிள்ளை இதை நாலு மாதமாகத் தலைக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ராத்திரியும் காவல் இருந்திருக்கிறது. அந்த வயதில், செத்தவர் திரும்பமாட்டார் என்று தெரிந்துவிடும். ஆனால் தான் நினைத்ததால், தான் சொன்னதால் அது நடந்துவிட்டது என்ற எண்ணமும் கூடவே இருக்கும். நாமாகக் கேட்டாலொழிய அது வெளியே வராது. நேருக்கு நேர் உட்காரவைத்து "என்னட்டி யோசிக்க?" என்று கேட்டிருந்தாலும் வந்திருக்காது. எங்கள் வீட்டில் எல்லா உண்மையும் பேன் பார்க்கும்போதும், சடை பின்னும்போதும், மொச்சை உரிக்கும்போதும்தான் வெளியே வந்தன. பிள்ளை நம் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காத நேரங்கள் அவை.

அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "கொசு கடிச்சுதான் அந்தக் காய்ச்சல் வரும். கடிச்ச அன்னைக்கே வராது, நாலு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். நீ சண்டை போட்டது காய்ச்சல் வந்த அஞ்சாவது நாளு. அதுக்கு முன்னாலயே அது அவன் உடம்புக்குள்ள இருந்துச்சு." அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். இரண்டாம் தடவையும் எண்ணினாள். 'உன் தப்பு இல்லை' என்று நூறு தடவை சொல்லியிருந்தாலும் அந்த எண்ணிக்கை அளவுக்கு அவளுக்கு ஆறுதல் கிடைத்திருக்காது. பிள்ளைகளுக்குக் காரணம் வேண்டும், அதுவும் கணக்கு ஒத்துவருகிற காரணமாக வேண்டும்.

அப்புறம் ஒரு வாக்குக் கொடுத்தேன். "இனிமே ராத்திரியில இந்த வீட்ட விட்டு யாரு போனாலும், உன்னை எழுப்பிச் சொல்லாம போகமாட்டோம். அதுக்காக நீ முழிச்சிருக்க வேண்டாம்."

உடனே கேட்டாள்: "அப்பா மட்டும் மூணு மணிக்குச் சொல்லாம போறாவ?"

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். காய்கறி ஏற்றிக்கொண்டு நயினார்குளம் மார்க்கெட்டுக்கு மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். வருடக்கணக்கில் அப்படித்தான். ஆனால் அண்ணன் போன பிறகு, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு ஆண் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போவது அவள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

தினமும் மூன்று மணிக்கு எழுப்ப முடியாது. அதனால் சின்னவனின் சிலேட்டை அவள் தலைமாட்டில் வைத்தோம். அவர் படுக்கப்போகும் முன்னால், அவள் பார்க்கும்படி அதில் எழுதுவார்: 'அப்பா மார்க்கெட். 9 மணிக்கு வருவேன்.' நேரத்தை மாற்றிப் போட்டாலும் போட்டபடி வர வேண்டும். ஒருநாள் டயர் பஞ்சராகித் தாமதம் ஆனபோது, ஒன்பது மணிக்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து சொல்லச் சொன்னார். டீச்சர் முதலில் என்னமோ ஏதோ என்று பயந்து, விஷயம் தெரிந்ததும் வகுப்பில் போய் அவள் காதில் சொன்னார். அந்தச் சிலேட்டை எழுத ஆரம்பித்த இரண்டாம் வாரம், அவள் நாலு மணி வரை அசையாமல் உறங்கினாள்.

இப்படித்தான் எனக்குப் பிடிபட்டது. ராத்திரியில் கெட்ட உறக்கத்தை நான் ராத்திரியிலேயே சரிசெய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பகலில் செய்ய வேண்டிய வேலை.

சின்னவனுக்கும் பகலில்தான் சொன்னேன், ஆற்றங்கரையில் உட்கார்ந்து. "அண்ணன் செத்துட்டான்யா. செத்துட்டா மூச்சு விடமாட்டாங்க. பசிக்காது, வலிக்காது, எந்திரிக்கவும் மாட்டாங்க. ஒறக்கம் வேற. ஒறங்கும்போது மூச்சு ஓடிக்கிட்டே இருக்கும், காலையில எந்திரிப்போம்." 'செத்துட்டான்' என்ற சொல் என் வாயில் வர எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? சாமிகிட்ட போயிட்டான், வெளியூர் போயிருக்கான், நட்சத்திரம் ஆயிட்டான் என்று சொல்வது நமக்குத்தான் இதம். வெளியூர் போனவன் ஏன் போன் பண்ணவில்லை என்று பிள்ளை கேட்கும். சாமி என்னையும் கூப்பிடுமோ என்று பயப்படும். சின்னவன் அண்ணனைப் பற்றி அப்புறமும் இருபது தடவை கேட்டான். இருபது தடவையும் அதே பதில்.

மூக்கில் கை வைத்துப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. படுத்ததும் நானே அவன் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்துக்கொள்வேன். பத்து மூச்சு எண்ணுவோம். அப்பாவுக்குப் பத்து, ஆச்சிக்குப் பத்து. "எண்ணியாச்சு. இனி காலையில எண்ணுவோம்." முதல் வாரம் நடுராத்திரியிலும் எண்ணினான். அப்புறம் காலையில் எண்ணவே மறந்துவிட்டான்.

பிள்ளைகள் படுக்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று பேரும் தார்சாவில், முன்கூடத்தில், வரிசையாகப் படுப்பார்கள். சுவரோரம் மகள், ஃபேனுக்கு நேரே பெரியவன், இந்தப் பக்கம் சின்னவன். பெரியவன் பாயையும் தலையணையையும் அன்றைக்கே ஆற்றுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அது வழக்கம், யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தரை தெரிந்தது. இரண்டு பேரும் அதில் படுக்கவும் இல்லை, அதைத் தாண்டிப் பக்கத்தில் வரவும் இல்லை. முதலில் அவர்கள் அப்பா அந்த இடத்தில் படுத்தார். அப்புறம் பிள்ளைகளையே கேட்டோம், எப்படிப் படுக்கலாம் என்று. மகள்தான் சொன்னாள், தலையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவோம் என்று. பக்கத்தில் பத்தமடையில் போய்ப் பெரிய கோரைப்பாய் ஒன்று வாங்கிவந்தோம், பட்டுப்பாய் எல்லாம் இல்லை, சாதாரணப் பாய்தான். இரண்டு பேருக்கும் ஒரே பாய், நடுவில் இடைவெளி இல்லாமல். துவைக்கப் போட்டிருந்ததால் தப்பித்த அவனுடைய கட்டம்போட்ட போர்வையை மகள் கேட்டாள். செத்த பிள்ளையின் துணி ஆகாது என்று சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். நான் கொடுத்தேன். இன்றைக்கும் அதுதான் அவள் தலைமாட்டில் இருக்கிறது.

சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஆறேகால் வரை அண்ணனைப் பற்றிய பேச்சு. பீரோவிலிருந்து படத்தை எடுத்துத் திரும்ப மாட்டினேன். ஒரு தகரப் பெட்டியில் அவன் ரப்பர் பந்து, பள்ளி அடையாள அட்டை, பாதி வரைந்த நோட்டு எல்லாம் போட்டுவைத்தோம். அழுகை வந்தால் அழுவோம், சிரிப்பு வந்தாலும் சரி. பயத்தையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு புதுப் பயம் வந்தால், "நாளைக்கு ஆறு மணிக்குப் பேசுவோம், மறந்துராம நான் எழுதிவைக்கிறேன்" என்பேன். எழுதியும் வைப்பேன். நாம் ஏமாற்றமாட்டோம் என்று தெரிந்துவிட்டால், பிள்ளைகள் ஆச்சரியமாக ஒத்துழைக்கின்றன.

மொபைலைப் பிடுங்க இரண்டு வாரம் பெரும் போராட்டம். அதைப் பற்றிச் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் எங்கள் மொபைல்களும் சேர்ந்து அடுக்களைப் பரணுக்குப் போயின. எங்களுடையதும் போனதால்தான் அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்கு மேல் டீ இல்லை. எட்டரைக்கு வெந்நீரில் கால் கழுவி, ஆச்சி திருநீறு பூசி, மூச்சு எண்ணி, சிலேட்டு எழுதி, சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டு, படுக்கை. நான் அடுக்களைக்குப் போய், ஐந்து நிமிடத்தில் எட்டிப் பார்ப்பேன், அப்புறம் பத்து நிமிடத்தில். சொன்ன நேரத்துக்கு எட்டிப் பார்க்காமல் விட்டால் அன்றைக்கு எல்லாம் வீண். எவ்வளவு நேரம் கழித்து உறங்கியிருந்தாலும் காலையில் ஆறேகாலுக்கு எழுப்பி, கொஞ்ச நேரம் வாசல் வெயிலில் நிற்கவைப்பேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். பாவமாக இருக்கும். ஆனால் எழுகிற நேரம் நிலைத்தால்தான் உறங்குகிற நேரம் நிலைக்கும்.

சின்னவனுக்கு இன்னொன்றும் வந்தது. உறங்கி ஒன்றரை மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து வீறிடுவான். கண் திறந்திருக்கும், ஆனால் என்னைத் தெரியாது. வேர்த்துக் கொட்டும். கால் மணி நேரத்தில் தானாகச் சாய்ந்துவிடுவான். காலையில் கேட்டால் ஒன்றும் ஞாபகமிருக்காது. பயந்திருக்கிறான், வேப்பிலை அடிக்க வேண்டும் என்றார்கள். வேப்பிலையால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் ஒருத்தர், "அண்ணன் வந்து கூப்பிடுதான்" என்று பிள்ளை காதுபட சொன்னார். அன்றைக்கு நான் கோபப்பட்ட மாதிரி என் வாழ்க்கையில் கோபப்பட்டதில்லை. அந்தப் பேச்சைத் தயவுசெய்து பிள்ளைகள் முன்னால் யாரும் பேசாதீர்கள்.

குழந்தைகள் டாக்டர் விளக்கினார். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து பாதி மட்டும் முழிப்பு வருவதால் இப்படி ஆகிறது, ராத்திரியின் முதல் பகுதியில்தான் பெரும்பாலும் வரும். எழுப்பவோ பிடித்து உலுக்கவோ கூடாது. விழுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, மெதுவாகப் பேசிக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். உறக்கம் குறைந்தால் இது கூடும். கெட்ட கனவு வேறு. அது விடிகாலைப் பக்கம் வரும், பிள்ளை முழித்து அழும், கனவு ஞாபகம் இருக்கும், நம்மைக் கட்டிக்கொள்ளும். அப்போது கட்டிப்பிடித்துத் தேற்ற வேண்டும்.

மகளுக்கு வந்தது அந்தக் கெட்ட கனவு. ஆட்டோ போகிறது, இவள் பின்னால் ஓடுகிறாள், கால் ஓடமாட்டேன் என்கிறது. அதே கனவு, வாரத்துக்கு மூன்று நாள். டாக்டர் சொன்னபடி, பகலில் அதை வரையச் சொன்னேன். முடிவை மட்டும் உனக்குப் பிடித்த மாதிரி மாற்று என்றேன். ஆட்டோவை நிறுத்தி, தானும் ஏறி, அண்ணன் மடியில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பதாக வரைந்தாள். தினமும் சாயங்காலம் அந்தப் படத்தைப் பார்த்துக் கதையைப் புது முடிவோடு சொல்வாள். ஒரு மாதத்தில் கனவு குறைந்தது. வந்த நாட்களிலும், "பாதியில எனக்கே தெரிஞ்சிருச்சு இது கனவுன்னு" என்பாள்.

சின்னவன் மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். பாய்க்கு மேல் ஒரு ரப்பர் ஷீட், தலைமாட்டில் ஒரு மாற்று டிரவுசர், வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதில்லை. மூன்று மாதத்தில் நின்றது. இருமல் மருந்து கொடுத்தால் நன்றாக உறங்குவான் என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்யாதீர்கள். உறக்கத்துக்கு எந்த மருந்தும் டாக்டர் பார்த்து எழுதித் தராமல் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. நான் ராத்திரி அடுக்களையில் போய் அழுவேன் என்றேன் அல்லவா? அவர்களுக்குக் கேட்காது என்று நினைத்தேன். மகள் அதையும் ஒரு ஆறு மணிப் பேச்சில் சொன்னாள். "நீ அழுது முடிக்கிற வரைக்கும் நான் முழிச்சிருக்கணும்லா." என் அழுகைக்கும் அவள் காவல் இருந்திருக்கிறாள். அதிலிருந்து நான் பகலில், அவர்கள் முன்னாலேயே அழ ஆரம்பித்தேன். "அண்ணன் ஞாபகம் வந்துச்சு, அழுதேன், இப்ப சரியாயிட்டு. என்னைய அப்பாவும் ஆச்சியும் பாத்துக்கிடுவாங்க. அது உன் வேலை இல்ல தாயி." என் அழுகை குறையவில்லை. அவளுக்கு அந்தப் பாரம் குறைந்தது.

ஒரு தடவை சின்னவன், "நானும் அண்ணன்கிட்ட போறேன்" என்றான். வயிற்றைக் கலக்கிவிட்டது. பெரும்பாலும் பிள்ளைகள் அதை 'அண்ணன் வேண்டும்' என்ற அர்த்தத்தில்தான் சொல்கின்றன. ஆனாலும் கேட்காமல் விடக் கூடாது. "போய் என்ன செய்யணும்னு நினைக்க?" என்று கேட்டேன். "பந்து விளையாடணும்" என்றான். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை சொன்னாலோ, சாப்பாடு, பள்ளிக்கூடம், விளையாட்டு எல்லாம் வாரக்கணக்கில் விட்டுப்போனாலோ, உறக்கம் தேறவே இல்லை என்றாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் அதற்குப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) எந்நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நான் என் உறக்கத்துக்காகவே இரண்டு தடவை பேசியிருக்கிறேன்.

ஆடி மாதம் ஒரு ராத்திரி, இரண்டு மணிக்கு அத்தைக்கு வாந்தியும் தலைசுற்றலும். உடனே கொண்டுபோக வேண்டும். செருப்பை மாட்டிக் கதவுவரை போன பிறகுதான் வாக்கு ஞாபகம் வந்தது. உள்ளே ஓடி மகளை எழுப்பினேன். "ஆச்சிக்குத் தலை சுத்துது. நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். பக்கத்து வீட்டு மதினி உங்ககூட படுப்பாங்க. என்ன ஆனாலும் ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன்." எழுந்து வந்து, ஆட்டோ வரை வந்தாள். ஆச்சியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். அது சில்லென்று இருக்கிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. "சூடா இருக்கு" என்றாள். அப்புறம் சிலேட்டை நீட்டினாள். ஆட்டோ விளக்கு வெளிச்சத்தில், '6 மணி போன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அத்தைக்கு ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, ஊசி போட்டதும் தேறிவிட்டார். சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தேன். மதினிதான் எடுத்தார். "ரெண்டும் நல்லா ஒறங்குது. எழுப்பட்டா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். ஆறேகாலுக்கு மறுபடி அடித்து அவளிடம் பேசினேன்.

இந்த வருடம் அவளுக்கு 11 வயது ஆகிறது. அண்ணன் இருந்த வயது. ஆவணியிலிருந்தே உறக்கம் கொஞ்சம் கெட்டது. "அண்ணனைவிட நான் பெரியவளாயிருவேனா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஐப்பசி நெருங்கும்போதும், அவன் பிறந்த நாளிலும் இப்படித் திரும்ப வரும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். ஆறு மணிப் பேச்சையும் மூச்சு எண்ணுவதையும் மறுபடி தொடங்கியிருக்கிறோம். மழை பிடித்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் ராத்திரியில் வீடுவரை கேட்கிறது.

நேற்று படுக்கையை விரிக்கும்போது பார்த்தேன். சிலேட்டில் அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே அவளே எழுதியிருந்தாள்: 'அம்மா, பரீட்சை இருக்கு. அஞ்சு மணிக்கு எழுப்பு. நான் எந்திரிக்கலன்னா தண்ணி தெளி.'